நீலத்துணி சென்ற நதிகள்

ஆற்று வழியாக ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்கும் வழக்கம் அண்மைக் காலத்தில் பெருகியிருக்கிறது. ரைன், தன்யூபு, சேன், லுவார், கரோன் ஆகிய நதிகளில் நூறு, நூற்றைம்பது பேரைத் தாங்கும் நீண்ட, தாழ்ந்த கப்பல்கள் செல்கின்றன. பாலங்களின் அடியில் நுழைந்து போக வேண்டியிருப்பதால் அவற்றை உயரமாகக் கட்டுவதில்லை. 1992ஆம் ஆண்டு மைன் நதியையும் தன்யூபு நதியையும் இணைக்கும் கால்வாய் திறக்கப்பட்டதிலிருந்து, வடகடலில் தொடங்கிக் கருங்கடல் வரை உள்நாட்டு நீர்வழியாகவே போய்ச் சேரலாம். ஆற்றுக் கப்பல் பெரும்பாலும் நகரின் நடுவிலேயே கரை சேரும். இறங்கிய உடனே ஆலயக் கோபுரமும் சந்தையும் பழைய வணிகர்களின் மாளிகைகளும் கண்ணெதிரே நிற்கும்.

புதுச்சேரி மக்களுக்கு இந்தப் பயணம் எட்டாத ஒன்றன்று. 1962ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் இந்திய ஒன்றியத்தோடு சட்டப்படி இணைந்தபோது, நம்மவருள் சில ஆயிரம் குடும்பத்தினர் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிந்துகொண்டனர். நம் ஊரில் 'சொல்தா வீடு' என்றால் பிரெஞ்சுப் படையில் பணிபுரிந்தவரின் வீடு என்று குழந்தையும் அறியும். அவ்வீடுகளின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று பாரீசின் புறநகர்களில் வாழ்கின்றனர். ஊரிலிருந்து பெற்றோரை வரவழைத்து, லூர்து நகருக்குத் திருப்பயணம் கூட்டிச் செல்வதோடு, சேன் நதியில் ஒரு படகுப் பயணமும் ஏற்பாடு செய்து தருகின்றனர்.

அப்படிச் செல்வோர் அங்கே எதைப் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நாம் எண்ணிப் பார்க்க விழைவது. கருவடிக்குப்பத்துக் குயில் தோப்பைத் தேடி வெளியூரிலிருந்து பலர் வருகின்றனர். அவர்கள் வெறும் மரங்களைப் பார்க்க வருவதில்லை. 1908 முதல் 1918 வரை பிரெஞ்சு மண்ணில் அடைக்கலம் தேடியிருந்த ஒரு கவிஞரை நினைத்துக்கொண்டு வருகின்றனர். ஓர் இடத்தை அதன் நினைவோடு சேர்த்துப் பார்ப்பது நமக்குப் பழகிய செயல்தான். அதே கண்ணோடு ஐரோப்பியத் துறைமுகங்களைப் பார்த்தால், அவற்றின் கல்லிலும் சுண்ணாம்பிலும் நம் முன்னோரின் உழைப்பு கலந்திருப்பது புலப்படும். அவர்களது கண்ணீரும் சிறிது கலந்திருக்கிறது.

நம் வாசலில் ஒரு துறை

ஆற்றுத் துறைமுகம் என்றதும் நாம் ஐரோப்பாவுக்கு ஓட வேண்டியதில்லை. புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆறு கடலோடு கலக்கும் இடத்தருகே அரிக்கமேடு இருக்கிறது. 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அங்கு அகழ்ந்தபோது, உரோமைப் பேரரசின் மட்கலங்கள் கிடைத்தன. இத்தாலியில் செய்யப்பட்ட செந்நிறக் கலங்களும், திராட்சை இரசம் வந்த சாடிகளும் அவற்றுள் அடங்கும். செங்கல்லால் கட்டப்பட்ட தொட்டிகளும் வெளிப்பட்டன. மெல்லிய துணிகளுக்குச் சாயம் ஏற்றிய தொட்டிகள் அவை என்று வீலர் கருதினார். பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தின் துறையில் குவிந்த பண்டங்களை வரிசைப்படுத்திக் காட்டுகிறது. அந்தக் காட்சியின் சிறு வடிவம் இங்கும் இருந்திருக்கும்.

ஆக, ஐரோப்பாவுக்கும் இக்கரைக்கும் உள்ள உறவு துணியின் உறவு. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு அது வாங்குவோரும் விற்போரும் நேருக்கு நேர் நின்ற உறவாக இருந்தது. பதினேழாம் நூற்றாண்டில் அதன் தன்மை மாறியது. 1664ஆம் ஆண்டு பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தோன்றியது. 1666ஆம் ஆண்டு அதன் கப்பல்களுக்காகப் பிரித்தானி கடற்கரையில் ஒரு புதிய துறைமுகம் எழுந்தது. அதன் பெயர் லோரியான். பிரெஞ்சு மொழியில் 'கிழக்கு' என்பதே அதன் பொருள். நம் திசையின் பெயரைத் தாங்கிய ஊர் அது. 1943ஆம் ஆண்டுக் குண்டுவீச்சில் பழைய லோரியான் ஏறத்தாழ முழுவதும் அழிந்துபோயிற்று. எதிர்க்கரையில் உள்ள போர்-லூயிக் கோட்டையில் கம்பெனியின் அருங்காட்சியகம் இன்று இருக்கிறது. புதுச்சேரியிலிருந்து செல்லும் எவரும் தவறவிடக் கூடாத இடம் அது.

சேன் நதியும் ஒரு குருவின் மடலும்

பாரீசிலிருந்து கடலை நோக்கிச் செல்லும் சேன் நதிக் கப்பல்கள் ரூவான் நகரில் நிற்கும். புனித ஜோன் ஆஃப் ஆர்க் 1431ஆம் ஆண்டு எரிக்கப்பட்ட இடத்தையும், ஓவியர் மோனே பலமுறை தீட்டிய பேராலய முகப்பையும் பயணிகள் அங்கே காண்பர். ரூவான் பருத்தித்துணி நகரமுமாகும். இந்திய நாட்டுப் பூத்துணிகளின் மீது ஐரோப்பியர் கொண்ட மோகம் அளவு கடந்தபோது, உள்நாட்டு நெசவாளரைக் காக்க வேண்டி 1686ஆம் ஆண்டு பிரெஞ்சு அரசு அத்துணிகளைத் தடை செய்தது. தடை 1759 வரை நீடித்தது. தடுத்ததாலேயே ஆசை மேலும் பெருகியது.

அக்காலத்தில் நம் கடற்கரையில் இயேசு சபைக் குரு கஸ்தோன்-லொரான் கேர்து பணிபுரிந்து வந்தார். வடமொழிக்கும் இலத்தீன், கிரேக்க மொழிகளுக்கும் இடையே உள்ள ஒற்றுமையை 1767ஆம் ஆண்டிலேயே பாரீசு அறிஞர் கழகத்துக்கு எழுதி அனுப்பிய பேரறிஞர் அவர். 1742ஆம் ஆண்டு சனவரியில் அவர் எழுதிய ஒரு மடல், தமிழகத்துச் சாயக்காரர் துணியில் எவ்வாறு பூ எழுதுகின்றனர் என்பதைப் படிப்படியாக விளக்குகிறது. கடுக்காயையும் எருமைப்பாலையும் கலந்து துணியை நனைப்பது, படிகாரத்தால் வண்ணத்தை நிலைநிறுத்துவது, சாயவேரில் சிவப்பு ஏற்றுவது ஆகியவற்றை அது ஒளிவு மறைவின்றி எடுத்துரைக்கிறது. இவற்றை அவருக்குச் சொன்னவர்கள் யார்? அத்தொழிலில் கைதேர்ந்த, புதிதாகத் திருமுழுக்குப் பெற்ற நம் மக்களே. தங்கள் ஞானத்தந்தை கேட்டார் என்று மனமுவந்து சொல்லியிருப்பார்கள்.

அந்த மடல் அச்சேறி ஐரோப்பாவில் பரவியது. 1759இல் தடை நீங்கிய மறு ஆண்டே பாரீசுக்கருகில் உள்ள ழூயி என்னும் ஊரில் ஓபர்காம்பு தம் புகழ்பெற்ற அச்சுத்துணித் தொழிற்சாலையைத் தொடங்கினார். அந்த ஒரு மடலால்தான் எல்லாம் நிகழ்ந்தது என்று சொல்வது மிகை. ஆர்மீனியர் வழியாகவும் கம்பெனி அலுவலர் வழியாகவும் இந்நுட்பம் ஐரோப்பாவுக்குச் சென்றிருந்தது. ஆயினும், தலைமுறை தலைமுறையாகத் தந்தை மகனுக்குச் சொல்லித் தந்த கைத்தொழில் மறை, நம்பிக்கையின் பேரில் ஒரு குருவிடம் ஒப்படைக்கப்பட்டு, அக்கைத்தொழிலோடு போட்டியிட இருந்தவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்பது குருத்துவப் பணியில் உள்ள எவரையும் நின்று எண்ண வைக்கும். கேர்து தீய எண்ணத்தோடு எழுதியவர் அல்லர். அறிவைப் பகிர்வது நற்செயல் என்று அவர் நம்பினார். நல்லெண்ணத்தின் விலையைக் கொடுப்பவர் வேறொருவராக இருக்கலாம் என்பதே இதில் நாம் கற்கும் பாடம்.

லுவார் நதியும் அவுரி நீலமும்

அவுரிச் சாயம் ஏற்றுவதைப் பார்த்தவர்கள் அறிவர்: தகரை விதையும் சுண்ணாம்பும் கலந்து புளிக்கவைத்த தாழியிலிருந்து துணியைத் தூக்கும்போது அது பச்சையாகவே இருக்கும். காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகும். மீண்டும் மீண்டும் தோய்த்து எடுக்க எடுக்க நீலம் கறுத்து மின்னும். இவ்வாறு புதுச்சேரியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் உருவான நீலத்துணிக்குப் பிரெஞ்சுக்காரர் இட்ட பெயர் 'கினே'. கினியா என்னும் ஆப்பிரிக்கக் கடற்கரையின் பெயரே துணிக்கும் பெயராயிற்று. துணி நம்முடையது, பெயரோ அது போய்ச் சேர்ந்த இடத்தினுடையது.

அது எதற்காக ஆப்பிரிக்காவுக்குப் போயிற்று என்பதை லுவார் நதிக்கரையில் உள்ள நாந்த் நகரம் சொல்லும். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சின் தலையாய அடிமை வாணிபத் துறைமுகம் அது. பிரெஞ்சு அடிமைக் கப்பற் பயணங்களில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு அங்கிருந்தே புறப்பட்டது. இந்தியத் துணிகளை ஏற்றிச் சென்ற கப்பல்கள் ஆப்பிரிக்கக் கரையில் அவற்றைக் கொடுத்து மனிதரை வாங்கின. அம்மனிதரைக் கரிபியத் தீவுகளில் விற்று, அங்கிருந்து சர்க்கரையை ஏற்றிக்கொண்டு திரும்பின. அந்தச் சர்க்கரையின் இலாபத்தில் எழுந்த மாளிகைகளின் கல்முகங்களை இன்றும் நாந்தில் காணலாம்.

அந்நகரத்து அருங்காட்சியகத்தில் ஓர் அடிமைக் கப்பலின் பழைய வண்ணப்படம் இருக்கிறது. கப்பலின் அடித்தட்டில் மனிதர்கள் மீன்களைப் போல அடுக்கப்பட்டிருக்கிறார்கள். அக்கப்பலின் பெயர் 'மரி-செராஃபிக்'. அன்னை மரியாவின் பெயரையும் சேராபீன்களின் பெயரையும் சேர்த்துச் சூட்டியிருந்தார்கள். செபமாலை சொல்லும் நம் நாவில் வாழும் அதே பெயர்.

நாந்த் நகரம் இந்த நினைவை மறைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2012ஆம் ஆண்டு மார்ச்சில் ஆற்றங்கரையில் அடிமை ஒழிப்பு நினைவிடம் திறக்கப்பட்டது. நடைபாதையில் 2000 கண்ணாடிப் பட்டைகள் பதிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் 1710 பட்டைகள் நாந்திலிருந்து புறப்பட்ட கப்பற் பயணங்களின் பெயர்களைத் தாங்குகின்றன. கீழ்த்தளத்தில் இறங்கினால் ஆற்றுநீர் அருகே அலைவது தெரியும். பார்ப்பதற்கு வேறு அலங்காரம் எதுவும் அங்கில்லை. படித்துக்கொண்டே நடக்க வேண்டியதுதான்.

இதில் நமக்குப் பொறுப்பில்லை, நம் நெசவாளர் துணியை மட்டுமே விற்றார்கள் என்று சொல்லிவிடலாம். அவர்களுக்கு அத்துணியின் போக்கு தெரிந்திருக்க வழியில்லை என்பதும் உண்மையே. ஆனால் அடிமை வாணிபம் நம் கரைக்கும் வந்தது. மொரீசியசு, ரெயூனியன் தீவுகளுக்கு இங்கிருந்து தமிழர்கள் அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டனர். ஏமாற்றியும் பிடித்தும் ஆட்களைக் கப்பலேற்றிய செய்தியை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் 1743ஆம் ஆண்டு பதிந்திருக்கிறார். 2001ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் பிரான்சு இயற்றிய சட்டம் அடிமைத்தனத்தை மானிடத்துக்கு எதிரான குற்றம் என அறிவித்தது. அக்குற்றத்துக்கு ஆளானோர் பட்டியலில் ஆப்பிரிக்கரோடும் மலகாசியரோடும் இந்தியரையும் அது பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது.

கரோன் நதியில்

போர்தோ நகரில் கப்பல்கள் நகரின் நடுவில், கரோன் ஆற்றின் பிறைவடிவ வளைவில் நிற்கும். பதினெட்டாம் நூற்றாண்டின் வணிகச் சதுக்கம் நீரில் நிழலாடும் காட்சி உள்ளத்தைக் கவரும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் போர்தோ வணிகர்கள் நம் நீலத்துணியைச் செனகல் ஆற்றுக்குக் கொண்டு சென்று, அங்கே பிசினுக்கு மாற்றினார்கள். துணியே அவ்வாற்றங்கரையில் நாணயமாக வழங்கியது. அந்தப் பிசின் மீண்டும் ஐரோப்பாவின் துணி ஆலைகளுக்கே பயன்பட்டது. அவ்வாணிபத்தை நம்பியே புதுச்சேரியில் நெசவு ஆலைகள் எழுந்தன. 1936 சூலை 30ஆம் நாள் உரிமை கேட்ட ஆலைத் தொழிலாளர் பன்னிருவர் சுட்டுக் கொல்லப்பட்ட வரலாறும், 2020ஆம் ஆண்டு ஏ.எப்.டி. ஆலை மூடப்பட்ட வரலாறும் அந்த நீண்ட நூலின் கடைசி இழைகள்.

அதே போர்தோ ஆற்றங்கரையில் 2019ஆம் ஆண்டு ஒரு பெண்ணின் சிலை நிறுவப்பட்டது. மோதெஸ்த் தெஸ்தாசு என்பது அவருக்கு இடப்பட்ட பெயர். ஆப்பிரிக்காவில் பிறந்து, பிடிபட்டு, போர்தோ வணிகச் சகோதரர் இருவருக்கு அடிமையாகிக் கரிபியத் தீவுக்குக் கொண்டுபோகப்பட்டவர். இவ்வளவு மாளிகைகளுக்கு எதிரே ஒரே ஒரு பெண் தனியாக நிற்கிறார். மாளிகைகளைப் படம் பிடிக்கும் பயணி ஒரு நிமிடம் திரும்பி அவரையும் பார்க்க வேண்டும்.

தந்தை சிறையில், மகன் பாரீசில்

இனி, நம் ஊரிலிருந்து அந்நாட்டுக்குச் சென்ற ஒரு தமிழரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ஊர் பார்க்கச் சென்றவர் அல்லர். நீதி தேடிச் சென்றவர்.

புதுச்சேரியில் நயினியப்பப் பிள்ளை வீதியில் நடப்போர் பலருக்கு அப்பெயரின் வரலாறு தெரிந்திராது. நயினியப்பப் பிள்ளை 1708ஆம் ஆண்டு பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் தரகரானார். பெரும் வணிகர், இந்து சமயத்தவர். அப்பதவியில் ஒரு கிறித்தவரே இருக்க வேண்டும் என்று இயேசு சபையார் நெடுநாள் வற்புறுத்தி வந்தனர். 1715ஆம் ஆண்டு, சமயக் கட்டுப்பாடுகளால் மனம் நொந்த தமிழ் மக்கள் திரளாக ஊரைவிட்டு வெளியேறினர். அதைத் தூண்டியவர் நயினியப்பர் என்ற பழி எழுந்தது. 1716ஆம் ஆண்டு ஆளுநர் எபேர் அவரைச் சிறையிட்டார்.

விசாரணை நடந்த முறைதான் நெஞ்சை உறுத்துவது. சாட்சிகள் தமிழில் பேசினர். ஆவணங்கள் பிரெஞ்சில் எழுதப்பட்டன. மொழிபெயர்த்தவர் இயேசு சபையாரோடு நெருங்கிய வேதியர் குடும்பத்தைச் சேர்ந்தவர். தாங்கள் படிக்க இயலாத தாள்களில் சாட்சிகள் கையொப்பமிட்டனர். தீர்ப்பின்படி நயினியப்பருக்குக் கடைத்தெருவில் ஐம்பது சவுக்கடி, மூன்றாண்டுச் சிறை, 8888 வராகன் தண்டம், சொத்துப் பறிமுதல். அவருடைய பதவி பேத்ரோ என்னும் கத்தோலிக்கருக்குத் தரப்பட்டது. 1717ஆம் ஆண்டு நயினியப்பர் சிறையிலேயே இறந்தார்.

அவருடைய மக்களும் நண்பர்களும் ஓயவில்லை. பிரான்சின் சான்-மாலோ துறைமுக வணிகரும் அவர்களுக்குத் துணை நின்றனர். நம் திருச்சபையின் பெயர் முற்றும் மாசுபடாமல் காத்த செய்தி ஒன்றும் இங்கு உண்டு. புதுச்சேரியில் பணிபுரிந்த பாரீசு வெளிநாட்டு மறைபோதக சபைக் குருக்கள் நயினியப்பர் குடும்பத்தின் பக்கம் நின்று எழுதினார்கள். எபேர் பதவி இழந்தார். மூத்த மகன் குருவப்பப் பிள்ளை கடல் கடந்து பாரீசு சென்றார். தந்தையின் மீதான தீர்ப்பு நீக்கப்பட்டது. பாரீசில் குருவப்பர் திருமுழுக்குப் பெற்றார். அரசப் பிரதிநிதி ஓர்லேயான் கோமகன் பிலிப்பே அவருக்கு ஞானத்தந்தையானார். புனித மிக்கேல் வீரர் பட்டமும் அவருக்குக் கிடைத்தது. ஊர் திரும்பி, 1722ஆம் ஆண்டு தந்தையின் பதவியிலேயே அமர்ந்தார். இரண்டாண்டுகளில் மறைந்தார்.

குருவப்பர் உள்ளத்தில் அப்போது என்ன இருந்தது? உண்மையான மனமாற்றமா, தந்தையின் பெயரைக் காக்கும் வழியா? அதை இறைவன் ஒருவரே அறிவார்; நாம் தீர்ப்பிட வேண்டியதில்லை. ஆனால் மறையியல் பயின்ற நம்மை வேறொரு கேள்வி விடுவதில்லை. 1685ஆம் ஆண்டின் பிரெஞ்சு அடிமைச் சட்டம் எல்லா அடிமைகளுக்கும் கட்டாயமாகத் திருமுழுக்குத் தர வேண்டும் என்று விதித்தது. 1723ஆம் ஆண்டு அச்சட்டம் ரெயூனியன், மொரீசியசு தீவுகளுக்கும் விரிந்தது. அதே ஆண்டுகளில், அதே மன்னராட்சியில், ஒரே திருமுழுக்கு பாரீசில் ஒருவருக்கு வீரர் பட்டத்தையும், தீவில் ஒருவருக்கு விலங்கையும் துணையாகக் கொண்டு வந்தது. திருமுழுக்குப் பெறாத ஒருவரோ, பெறவில்லை என்பதும் ஒரு காரணமாகப் புதுச்சேரிச் சிறையில் மாண்டார். தண்ணீர் ஒன்றுதான்; சொல்லப்பட்ட வார்த்தைகளும் ஒன்றுதான். நீதியோடு சேராத அருளடையாளம் மனிதர் கையில் என்னவாகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமா?

பட்டியலின் கடைசிப் பண்டம்

திருவெளிப்பாட்டு நூலின் பதினெட்டாம் அதிகாரம் ஒரு துறைமுகப் புலம்பல். பாபிலோன் வீழ்ந்ததும் வணிகர் அழுகின்றனர், தங்கள் சரக்கை இனி வாங்குவோர் இல்லையே என்று. சரக்குகளின் பட்டியல் பொன், வெள்ளியில் தொடங்குகிறது. மெல்லிய துணி, செந்நிற ஆடை, பட்டு, தந்தம், நறுமணப் பொருள், மது, எண்ணெய், கால்நடை என்று நீள்கிறது. கடைசியில் மனித உயிர்கள் வருகின்றன. துணியில் தொடங்கும் வாணிபம் மனிதரில் போய் முடியக்கூடும் என்பதைப் பத்மு தீவிலிருந்த அருளாளர் கண்டுகொண்டார்.

திருச்சபை இதில் பேசாமலே இருந்துவிடவில்லை. 1537இல் திருத்தந்தை மூன்றாம் பவுலும், 1839இல் பதினாறாம் கிரகோரியும் மனிதரை அடிமைப்படுத்துவதைக் கண்டித்தனர். ஆயினும் அச்சொற்கள் துறைமுகங்களை எட்டவில்லை, எட்டியபோது கேட்கப்படவில்லை. 1992 பிப்ரவரியில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், செனகல் நாட்டின் கோரே தீவில் அடிமைகள் அடைக்கப்பட்ட இல்லத்தில் நின்று இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார். நம் நீலத்துணி இறங்கிய அதே கடற்கரை அது.

ஆகவே, ஐரோப்பிய நதிகளில் பயணம் செல்லும் நம் உறவினர்களுக்கு ஒன்று சொல்வோம். போய் வாருங்கள். பேராலயங்களில் மண்டியிடுங்கள், சதுக்கங்களின் அழகைக் கண்டு மகிழுங்கள், பேரப்பிள்ளைகளோடு கப்பல் மேல்தளத்தில் அமர்ந்து கரையைப் பாருங்கள். அழகை வெறுப்பது கிறித்தவப் பண்பன்று. ஆனால் நாந்தில் இறங்கினால் அந்தக் கண்ணாடிப் பட்டைகளில் பத்துப் பெயரையாவது நின்று படியுங்கள். போர்தோவில் அந்தப் பெண்ணின் சிலை முன் ஒரு பரலோக மந்திரம் சொல்லுங்கள். பிள்ளைகள் ஏன் என்று கேட்டால் நீலத்துணியின் கதையைச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும், அவர்களை அழைத்துக்கொண்டு நயினியப்பப் பிள்ளை வீதியில் ஒருமுறை நடந்து, அங்கே வாழ்ந்து சிறையில் இறந்த மனிதர் யாரென்றும் சொல்லுங்கள். அவருக்கு அநீதி இழைத்தவர்களுள் நம் திருச்சபையைச் சேர்ந்தோரும் இருந்தனர். அவருக்காகப் பரிந்து பேசியவர்களுள்ளும் நம்மவர் இருந்தனர். இரண்டையும் மறைக்காமல் சொல்லும் வீட்டில் வளரும் பிள்ளை, நாளை எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதைத் தானே அறிந்துகொள்ளும்.